முதலில் மரத்தைப் பாருங்கள்

ஜொகூர் ஆறுகளில் டிரௌட் மீன் இல்லை. அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதை நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுபோய் விட்டது அந்தக் குளிரை நம்பித்தான். நமக்கு வாய்த்தது கெலா. கெண்டைக் குடும்பத்து மீன். வாயோரம் இரண்டு ஜோடி மீசை, காசு காசாய்ப் பெரிய செதில்கள், வெயில் பட்டால் செம்பும் பொன்னும் கலந்த மினுக்கம். டிரௌட்டைத் தேடி ஏங்க வேண்டியதே இல்லை என்பேன்.

கெலாவைத் தேடி, காஹாங்கிலிருந்து நாலு சக்கர வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போனால் கம்போங் பெத்தா வரும். ஜாக்குன் மக்களின் ஊர். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடிவிடுவார்கள். மீன் பிடிக்கும் அனுமதியைப் பற்றிப் பூங்கா அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரைக்குப் போனதும் தூண்டிலை எடுக்காதீர்கள். தலையைத் தூக்கி மரத்தைப் பாருங்கள். தாவரவியலாளர் கார்னர் மலாயாவின் நீரோட்டங்களைக் கரையோரச் செடிகொடிகளை வைத்தே பிரித்தார்: மேலே நம் அசோக மரத்தின் உறவுகள் நிற்கும் ஓடை, நடுவில் நேராம் மரம் சாய்ந்து நிற்கும் ஆறு, கீழே தாழை இனத்து ராசாவ் அடர்ந்த மந்த நீர். கெலாவுக்கு நேராம் பழம் என்றால் உயிர். டிரௌட்டைத் தேடுகிறவன் தண்ணீர்மேல் பறக்கும் பூச்சியைப் பார்ப்பான். நாம் பார்க்க வேண்டியது பழம் விழும் இடத்தை.

ஒருநாள் காலை வழிகாட்டி என் தோளைத் தொட்டு, "துங்கு டுலு" என்றார். மலாயில், 'கொஞ்சம் பொறு'. பாறைமேல் அசையாமல் உட்கார்ந்தோம். 'டுபுக்' என்று ஒரு காய் விழுந்தது. கரும்பச்சை மடுவின் அடியிலிருந்து ஒரு நிழல் எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரே ஒரு கணம் செம்பாய் மின்னி மறைந்தது. காயைக் காணோம். அன்று முழுக்க ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. ஆனாலும் நிறைவாகத்தான் திரும்பினேன்.

கெலாவை ஃபிளை ஃபிஷிங் முறையிலும் பிடிக்கலாம். அதில் முள்ளில் இரை கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிய போலிப் பூச்சிக்குக் கனமே இல்லை. கனம் தூண்டில் கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுவதும் நீளும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமைதான் கலை முழுதும். கெலாவுக்கென்று செம்பனைப் பழம்போலவே சிவப்பாய்க் கட்டுகிறவர்களும் உண்டு. அதை மெத்தென்று இறக்கக் கூடாது. பழம் விழுவதுபோல் சத்தத்தோடு விழ வேண்டும்.

வேகமான நீரில் செபாராவ் என்ற இன்னொரு மீன் காத்திருக்கும். முதுகிலிருந்து இறங்கும் கறுப்புப் பட்டையும் செவ்வாலும் அடையாளம். சின்ன மீன்களை வேட்டையாடும் முரடன் அது. கடித்தால் மணிக்கட்டு அதிரும்.

மீன் சிக்கினால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்க, வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். செவுள் சீராக அசையும். வால் ஒருமுறை உள்ளங்கையைத் தள்ளும். அப்போது விரல்களைத் தளர்த்துங்கள்.