மண்டையோட்டின் மணிக்கண்கள்

சாபமுற்ற இரத்தினம் கதையிலக்கியத்துக்குப் புதியதன்று. வில்கி கொலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'மூன்ஸ்ரோன்' நாவலில், 1799இல் ஸ்ரீரங்கபட்டினம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படை அதிகாரி ஒருவன் வைரமொன்றைக் கவர்கிறான். சாபமும் அவனுடன் செல்கிறது. இறுதியில் வைரம் மீண்டும் தெய்வத்தின் திருமேனியை அடைகிறது. அங்கே சாபமென்பது களவின் மறுபெயரேயாகும். பொருளுக்கு உரியவர் உளர். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் உண்டு.

இம்மரபு கற்பனை விளையாட்டொன்றினுட் புகுந்தபோது அடைந்த மாற்றம் ஆராயத்தக்கது. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்' விளையாட்டில், நடத்துநர் ஒருவர் சூழலை விவரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரங்களின் செயல்களைக் கூறுவர். அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான கரி கைகாக்ஸ் 1975ஆம் ஆண்டுப் போட்டியொன்றிற் பயன்படுத்தி, 1978இல் நூலாக வெளியிட்டது 'ரூம் ஒவ் ஹொரர்ஸ்'. பயங்கரங்களின் கல்லறை என்பது இதன் பொருள். தம் பாத்திரங்களை வெல்ல எவராலும் இயலாதென இறுமாந்திருந்த ஆட்டக்காரரைச் சோதிப்பதே அவரது நோக்கமாயிருந்தது.

பொறிகள் பலவற்றைக் கடந்து கல்லறையின் உள்ளறையை அடைவோர் காண்பது அசெரெராக் என்னும் மாயவித்தைக்காரனின் மண்டையோட்டை மாத்திரமே. கண்குழிகளில் இரு மாணிக்கங்களும் பற்களாக ஆறு வைரங்களும் பதிந்துள்ளன. எவரும் தொடாதவரை அது அசைவதில்லை. தொட்டதும் மேலெழுந்து, வந்தோருள் வலியவரின் ஆன்மாவை உறிஞ்சி மணியொன்றினுள் அடைத்துவிடுகிறது. உடல் அழுகி அழிகிறது.

இது வெறும் குரூரமே என்பார் உளர். விளையாட்டின் அக்கால விதியை மறந்த கூற்று அது. அன்று, ஈட்டிய செல்வத்தின் பொன்மதிப்பே பாத்திரத்தின் அனுபவப் புள்ளியாகவும் கணிக்கப்பட்டது. செல்வம் சேர்ப்பதே வளர்ச்சி; அதுவே தகைமை. இவ்வாறு பழக்கப்பட்ட கை, மின்னும் மணியைக் கண்டதும் தானாகவே நீளும். விளையாட்டு எதனைப் பரிசாகக் கற்பித்ததோ அதனையே மணி தண்டிக்கிறது. அவ்வகையில் அம்மண்டையோடு, விளையாட்டு தன் பொருளியலைத் தானே விமர்சிக்கும் இடமாகின்றது.

எனினும் இவ்விமர்சனம் முழுமையானதன்று. ஆன்மாவை விழுங்கும் அக்கற்களின் விலையையும் நூல் குறித்துவைக்கின்றது. மேலும், 'மூன்ஸ்ரோனில்' இருந்த உரியவர் இங்கில்லை. மணிகள் எங்கிருந்து, எவரிடமிருந்து வந்தன என எவரும் வினவுவதில்லை. பேரரசின் கொள்ளை தனிமனிதப் பேராசையாகச் சுருங்கிவிடுகிறது. வரலாற்றின் இடத்தைப் பொறி நிரப்புகிறது.

பின்வந்த மாற்றம் இதனை மேலும் தெளிவாக்கும். 1989ஆம் ஆண்டுப் பதிப்பிற் பொன்னுக்குப் புள்ளி வழங்கும் விதி விருப்பத்துக்குரியதாயிற்று. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைக் கைவிட்டது. 2017இற் கல்லறை மீண்டும் அச்சேறியபோது மண்டையோடும் மணிகளும் இருந்தன. அவற்றுக்குப் பொருள்தந்த விதியோ இருக்கவில்லை. முன்னர் ஆட்டக்காரரின் பழக்கத்தையே விசாரித்த மணி, இன்று ஆபத்தான அணிகலனாக மட்டும் எஞ்சுகிறது. விளையாட்டைத் திறனாய்வோர் அதன் கதையோடு கணக்கையும் வாசித்தல் வேண்டும். சாபம் குடிகொண்டிருந்தது கணக்கிலேயே.