சல்லியன் முதல் ரவி வரை: துரோகி எங்கே முளைக்கிறான்?

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வின் கயஸ் பால்டரைப் பார்த்த கண்ணால் நம் கதைகளின் துரோகிகளைப் பார்க்கவே முடியவில்லை என்ற பேச்சு அண்மைக்காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. துரோகிக்கும் ஒரு மனம் உண்டு என்பதை அயல்நாட்டு அறிவியல் தொடர்கள்தான் நமக்குக் காட்டினவாம். தமிழும் தெலுங்கும் எட்டப்பனைத் தாண்டி வரவே இல்லையாம். இது தவறான கருத்து. எழுத வரும் இளைஞர்கள் இதை நம்பி, துரோகிக்கு ஒரு சிறுவயதுக் காயத்தைத் தேடிப் பிடித்து ஒட்டுவதிலேயே பாதிக் கதையைச் செலவழிக்கிறார்கள் என்பதால், கெடுதலான கருத்தும்கூட.

துரோகியைப் புரிந்துகொள்ள அவன் குழந்தைப் பருவத்துக்குப் போக வேண்டியதில்லை. அவன் நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதும். அதிகாரம் ஏற்கெனவே ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறது. அந்தப் பொய்யில்தான் அவன் வேர்விடுகிறான். இதைச் சந்திரகிரிக் கோட்டையின் வரலாறும் சொல்கிறது, சித்தூர்ப் பக்கத்துப் பாரதக் கூத்தும் சொல்கிறது. நம் மொழியிலேயே எழுதப்பட்டுத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த ஓர் அறிவியல் புனைகதை இதை மிகத் தெளிவாகச் சொன்னது. அதை நாம் மறந்துவிட்டோம்.

தொடக்க காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1965இல் தொடங்கிய 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரில் டாக்டர் ஸ்மித் நாசவேலைக்காரராக விண்கலத்துக்குள் நுழைந்து, போகப்போகச் சிரிப்பு மூட்டும் கோழையாகச் சுருங்கிப்போனார். 1978இன் முதல் 'கேலக்டிகா'வில் வரும் பால்டர் பேராசைக்காரன், அவ்வளவுதான். நம் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பறித்த செய்தியைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, அந்தத் துரோகிகளில் ஒருவனான ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம் இருந்ததையும் பதிவு செய்திருக்கிறது. கொன்றவர்கள் வெளியாட்கள் அல்லர், அரசு அதிகாரிகள் என்பதை அந்தப் பட்டமே சொல்லிவிடுகிறது. பிறகு வந்த சினிமா எல்லாவற்றையும் எட்டப்பன் என்ற ஒற்றை வசைக்குள் அடைத்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். பழி என்னவோ எட்டயபுரத்தார் மேல் விழுந்தது. சோம்பேறித்தனமான வசை அது. துரோகத்தைப் பற்றி நாம் யோசிப்பதையே அது ஒரு தலைமுறைக்கு நிறுத்தி வைத்தது.

கூத்து சோம்பேறியாக இல்லை. சித்தூர் மாவட்டத்துத் திரௌபதி, தர்மராஜர் கோயில்களில் கோடையில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து, தபசு மரம், மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுகளம், தீமிதி. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஊர்களில் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மைதானத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். கர்ண மோட்சத்து இரவில் துரோகி ஒருவன் மேடைக்கு வருகிறான்: கர்ணனின் தேரோட்டி சல்லியன்.

சல்லியன் நகுல சகாதேவரின் தாய்மாமன். பாண்டவர் பக்கம் சேரப் படையோடு கிளம்பியவன். வழியெல்லாம் விருந்து வைத்து, யார் வைத்த விருந்து என்பதை மறைத்து, உண்ட நன்றியைக் காட்டி அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் துரியோதனன். தருமனிடமோ, கர்ணனுக்குத் தேரோட்டும்போது அவன் மனத்தைக் குலைப்பேன் என்று சல்லியன் வாக்குக் கொடுத்துவிட்டான். கர்ணனின் தேரில் துரோகியைக் கொண்டுவந்து உட்கார வைத்தது துரியோதனனின் சொந்த ஏமாற்று வேலைதான்.

கூத்தில் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பெஞ்சுதான் தேர். சல்லியன் முன்னால், கர்ணன் பின்னால். நாகாஸ்திரத்தைக் கழுத்துக்குக் குறி வைக்கிறான் கர்ணன். மார்புக்கு வை என்கிறான் சல்லியன். அது சரியான யோசனை. கேட்டிருந்தால் அர்ச்சுனன் பிழைத்திருக்க மாட்டான். ஆனால் இரவெல்லாம் தன்னைக் கேலி செய்துகொண்டே வந்தவன் சொல்கிறானே என்று கர்ணன் கேட்பதில்லை. கண்ணன் தேரை அழுத்துகிறான், மகுடம் மட்டும் போகிறது. துரோகி ஒரே ஒரு முறை உண்மை பேசியதால் ஒருவன் செத்தான். இவ்வளவு நுட்பமான துரோகக் காட்சி எந்த விண்கலத் தொடரிலும் என் கண்ணில் பட்டதில்லை. இதில் சல்லியனின் மனக்காயம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

அடுத்து சந்திரகிரி. திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள ராஜமகாலைப் பார்க்கப் போகிறவர்கள் பலர். அங்கிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயரின் வீட்டுக் கதையை அறிந்தவர்கள் சிலரே. ராயருக்கு வாரிசு இல்லை. அவருடைய அரசியருள் ஒருத்தி ஓர் அந்தணக் குழந்தையை வாங்கி வந்து, தான் பெற்ற பிள்ளை என்று வளர்த்தாள். அந்த அரசியின் உடன்பிறந்தவன் கொப்பூரி ஜக்கராயன். குழந்தை தன்னுடையது அல்ல என்று ராயருக்குத் தெரியும், தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை என்கிறார் யேசு சபைப் பாதிரியார் பார்ராதாஸ், கொச்சியிலிருந்து 1616 டிசம்பரில் எழுதிய கடிதத்தில். 1614இல் சாகும் தறுவாயில்தான் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனுக்குப் பட்டம் என்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஜக்கராயன் ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையில் அடைத்து, அந்தப் பிள்ளையை அரியணையில் ஏற்றினான். எதிர்த்து நின்றவர் வெலுகோட்டி யாசம நாயக்கர். ஸ்ரீரங்கனின் மகன் ராமனை ஒரு சலவைத் தொழிலாளி துணி மூட்டைக்குள் வைத்துக் காவலைத் தாண்டிக் கொண்டுபோனார். மற்றவர்கள் எல்லோரும் வேலூர்க் கோட்டையில் அழிந்தார்கள். 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். இதை ஒரே ஊரின் கதை என்றே சொல்லலாம். ஜக்கராயனுக்கு மதுரையும் செஞ்சியும் துணை, யாசமருக்குத் தஞ்சை இரகுநாத நாயக்கர் துணை. கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் விழுந்தான்.

ஜக்கராயனைக் கொடியவன் என்று சொல்லி முடித்துவிடலாம், கொடியவன்தான். ஆனால் அந்தப் பொய்யை அவன் உருவாக்கவில்லை. பல ஆண்டுகள் அரண்மனை பாலூட்டி வளர்த்த பொய் அது. மன்னரே தம் மௌனத்தால் முத்திரை போட்டது. ஜக்கராயன் செய்ததெல்லாம் அதைத் தூக்கி அரியணையில் வைத்ததுதான்.

இந்த மண்ணின் மொழியில் இவ்வளவு இருக்கும்போது, 'பாகுபலி' கேள்வியைப் பிரமாதமாக எழுப்பிவிட்டுப் பதிலில் சறுக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2015இலிருந்து 2017 வரை இரண்டு மொழி மக்களும் கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிடைத்த விடை: கட்டளை. அரியணைக்கு அடிமைப்பட்டவன், வேறு வழியில்லை. துரோகியிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கிவிட்டால் அங்கே துரோகம் இல்லை, வெறும் சோகம்தான் மிஞ்சும்.

இனி ரவி. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளின் நடுவில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் சொல்கிறார்கள். ஜீனோ அருமையான படைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையின் முதுகெலும்பு ரவி. எதிர்கால இந்தியா, ஜீவா என்ற சர்வாதிகாரி, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெறவும் அனுமதி வாங்க வேண்டிய வாழ்க்கை. கணவன் சிபியைக் காணாமல் தவிக்கும் நிலாவின் வீட்டுக்கு, அரசு ஒதுக்கீட்டில் தங்க வருகிறான் ரவி. அவனும் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டமிடுகிறவர்கள். அவர்களோடு நிலாவும் சேர்கிறாள், வாசகர்களும் சேர்கிறார்கள். நெருக்கடி நிலை முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நாட்டில், சர்வாதிகாரியைக் கொல்லக் கிளம்பியவர்கள் பக்கம் நிற்காமல் வேறு எந்தப் பக்கம் நிற்பார்கள்?

ரவி ஜீவாவின் ஆட்சியைப் பற்றிச் சொல்வதில் பொய்யே இல்லை. சுஜாதாவின் கூர்மை இங்கே இருக்கிறது. ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்பது கடைசியில் தெரிய வருகிறது. கட்டவுட்டிலும் சுவரொட்டியிலும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இதைவிட நெருக்கமான கற்பனை வேறெதுவும் இருக்க முடியாது. அந்த உண்மையை மக்களிடம் போட்டு உடைக்க வேண்டிய நொடியில், ரவியும் மனோவும் ஆளில்லாத அரியணையைப் பார்க்கிறார்கள். நிலாவை ராணி ஆக்கி, பின்னால் இருந்து தாங்கள் ஆளலாம் என்று முடிவெடுக்கிறார்கள். ஜக்கராயன் வேலூரில் செய்ததும் இதுதான்.

ரவிக்குக் கெட்ட அப்பா கிடையாது, காதல் தோல்வி கிடையாது. ஜீவாவின் பொய் அப்படியே வெந்து, பரிமாறத் தயாராக இருந்தது. அவன் இலை போட்டு உட்கார்ந்தான். வாரக்கணக்கில் அவனை நேசித்த வாசகர்களுக்கு விழுந்த அடி அது. பத்திரிகைத் தொடர் என்ற வடிவத்தால் மட்டுமே தரக்கூடிய அடி.

இதற்குப் பிறகு பால்டரிடம் திரும்பினால், புதிய 'கேலக்டிகா' ஏன் பெரிய தொடர் என்பது வேறு விதமாகத் தெரியும். முதல் பகுதியில் காதலிக்கு வலையைத் திறந்துவிடும் பால்டர் பலவீனமான மனிதன், அவ்வளவே. நியூ கேப்ரிகா கோளில் குடியரசுத் தலைவராக உட்கார்ந்து, நெற்றிப்பொட்டில் துப்பாக்கி இருக்க, தன் மக்களைக் கொல்லும் ஆணையில் கையெழுத்துப் போடும் பால்டர்தான் மறக்க முடியாதவன். பிறகு வழக்கு வருகிறது. எத்தனையோ பேருடைய குற்றங்களை மன்னித்த கப்பல் கூட்டம் இவன் ஒருவனை மட்டும் கழுவேற்றத் துடிப்பதை, அவன் தரப்பில் நிற்கும் லீ அடாமா நீதிமன்றத்தில் சொல்லிக்காட்டுகிறான். பால்டர் விடுதலையாகிறான். அங்கே நாம் பார்ப்பது அவன் நெஞ்சுக்குள் இருப்பதை அல்ல, அவனைச் சுற்றி நின்றவர்களை. நம் ரசிகர்கள் எதை மனம் என்று கொண்டாடுகிறார்களோ, அது உண்மையில் இடம். சீனத்து 'மூன்று உடல்' கதையின் யே வென்ஜியும் அப்படித்தான். தந்தையை அடித்துக் கொன்ற கலாசாரப் புரட்சிக் கூட்டத்தின் பொய்கள் இல்லாவிட்டால், வேற்றுக்கோளுக்கு அவள் அனுப்பும் அந்த அழைப்புக்குப் பொருளே இல்லை.

தெலுங்கிலோ தமிழிலோ அடுத்த அறிவியல் தொடரை எழுதப்போகிறவர்களுக்கு நான் காட்டும் வழி ஒன்றே. துரோகியின் சின்ன வயதுக் காட்சிகளை வெட்டி எறியுங்கள். அவனுக்கு முன்பிருந்தே புழங்கும் பொய் எது, அதை யார் தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். வேங்கடபதி ராயரின் மௌனம் ஒரு பருவம் முழுவதையும் தாங்கும். அதற்கும் மேலே போகத் துணிபவருக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. துரோகி தூக்கி வைத்த பொம்மைக்கு வாய் கொடுத்தவர், நான் படித்தவரையில், சுஜாதா ஒருவரே: 'மீண்டும் ஜீனோ'வில் நிலா ராணியாக அமர்ந்து, தான் யாருடைய பொம்மை என்று தெரிந்தபடியே பேசுகிறாள். வேலூரில் அரியணையில் ஏற்றப்பட்ட அந்தணப் பிள்ளைக்கு அப்படி யாரும் இன்னும் வாய் கொடுக்கவில்லை. தான் யார் பெற்ற பிள்ளை என்பது அவனுக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், தெரிந்த பிறகு மாமன் ஜக்கராயனை என்ன முறை வைத்துக் கூப்பிட்டான் என்பதிலிருந்து அந்தத் தொடரைத் தொடங்கலாம்.