ஆவிரை இழிபூவா?

மடலேறுதல் பற்றிய சங்கப் பாடல்களுக்கு விளக்கம் எழுதுவோர் ஆவிரையை எருக்கோடு ஒருங்கு வைத்து, சூடத்தகாத இழிபூ என்று கூறிச் செல்லுதல் பெருவழக்காயிற்று. இவர்க்குப் பெருந்துணையாவது கலித்தொகை 138ஆம் பாடல். ஆண்டுப் பூளையும் ஆவிரையும் எருக்கும் ஒருசேரப் பிணிக்கப்படுகின்றன. ஒரு நாரில் கட்டுண்டன யாவும் ஒரே தகுதியின ஆகா என்பது எம் கருத்து.

முதற்கண் செடியை நோக்குவோம். மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டையை அடுத்த வறண்ட சரிவுகளில் ஆவிரை தானே முளைத்துத் தழைப்பது. பிற செடிகள் வாடி நிற்கும் காலத்தும் பூத்து நிற்பது. இதன் இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற செதில்கள் உண்டு. 1753இல் லின்னேயசு இட்ட 'ஆரிக்குலேட்டா' என்னும் பெயர் இவ்வுறுப்பைக் குறித்ததே. கிளை நுனியில் கொத்தாக அலரும் பூவுக்கு இதழ் ஐந்து, நிறம் பொன். மகரந்தத் தாள் பத்தனுள் மேலுள்ள மூன்றும் மலடு. பூவில் தேன் இல்லை. ஆயினும், வண்டு அணுகாப் பூ என்று இதனைத் தள்ளுதல் இயலாது. கருநிறத் தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் சிறகுத் தசையை அதிர்விக்க, மகரந்தப் பையின் நுனித்துளை வழியே தூள் உதிரும். அத்தூளே அதற்கு உணவு.

இனி, மதுரைக் காஞ்சிப் புலவரின் குறுந்தொகை 173ஆம் பாடலைக் காண்க. அங்கு எருக்கு இல்லை. ஆவிரையின் புதுமலர் பொன்னோடு உவமிக்கப்பட்டு, பல நூலால் இயன்ற மாலையாகிப் பனைமடற் குதிரைக்கு அணியாகின்றது. மணியும் உடன் ஒலிக்கின்றது. மாலையும் மணியும் உண்மைக் குதிரைக்கு உரிய ஒப்பனைகள் அல்லவோ? மடற்குதிரை அதனைப் போன்மை செய்வது. ஆகலின், பொன்னணி பூட்ட வேண்டிய இடத்தில் பொன்னிறப் பூவைப் பூட்டினான் தலைவன் என்று கொள்வதே பொருந்தும். நாண் துறந்தமை மடலூர்தலால் புலப்படுவது. அதனைப் பூவின்மேல் ஏற்றுதல் வேண்டா.

கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களுள் ஆவிரையை வைத்தார், எருக்கை வைத்திலர். இழிபூவாயின் அக்குவியலில் அதற்கு இடமேது?

நாட்டு வழக்கும் இதற்கு அரணாகும். பொங்கலுக்கு முன்னாளில் வாயிலிற் செருகும் காப்புக்கட்டில் வேப்பிலையோடு ஆவிரையும் சிறுபூளையும் சேர்கின்றன. கலித்தொகை பிணித்த மூன்றனுள் இரண்டு இன்றும் மங்கலப் பொருளாய் இல்லம் புகுகின்றன; எருக்கு வெளியே நிற்கின்றது.