நடுக்குவாதமும் மாயச் சாலையும்

தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி எண்ணித் தரப்படும் திருப்பூரில், பார்க்கின்சன் வியாதி தன் வருகையை முதலில் வைத்தியரிடம் அறிவிப்பதில்லை. பனியன் கம்பெனியின் பவர் டேபிளில் வரிசையாக அமர்ந்து தைப்பவர்களுள் ஒருவருடைய வாரக் கூலியிலேயே அது முதலில் தெரியவருகிறது எனலாம். நடுக்கம் இன்னும் வெளிப்படாத நாளிலேயே விரல்கள் மந்தித்து, ஓவர்லாக் ஊசியின் அடியில் துணியை ஊட்டும் லாவகம் குறைந்து, ஒரு பக்கத் தோள் இறுகிப்போக, அவர் அதை வேலைக் களைப்பென்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொள்கிறார். சூப்பர்வைசரோ, வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார். இவ்வியாதிக்கு உகந்த தேகப்பயிற்சியாக மேல்நாடுகளில் இன்று பேசப்படும் மெய்நிகர் சைக்கிளைப் பற்றி, அதாவது இருந்த இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டே, எதிரே திரையிலோ கண்ணில் மாட்டிய கருவியிலோ விரியும் சாலையில் பிரயாணம் செய்யும் முறையைப் பற்றி, எனக்குள்ள மதிப்பையும் ஐயத்தையும் இந்தத் தையற்காரரை முன்னிறுத்தியே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இம்முறையைப் பரீட்சித்தவர்களின் கண்முன் இவரைப் போன்றவர் இருந்ததில்லை.

1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையைக் குறித்து எழுதிய சிறு நூலால் இவ்வியாதிக்கு அவர் பெயர் அமைந்தது. நடுமூளையில் டோபமைன் என்னும் இரசாயனத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இதன் மூலம். அக்குறையை ஈடுசெய்யும் லெவோடோபாவை, வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து 1937-இலேயே தாமோதரன், இராமசாமி என்னும் நம் நாட்டு அறிஞர் இருவர் பிரித்தெடுத்தார்கள். அப்பொருள் நோயாளிகளுக்கு மருந்தாகப் பரீட்சிக்கப்பட்டதோ ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின்புதான். அந்த மருந்து அசைவைத் திருப்பித் தருகிறதே தவிர, அணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. ஆகையால்தான் தேகப்பயிற்சியின்மீது வைத்தியர்களின் நாட்டம் திரும்பியது.

சைக்கிள் இதில் நுழைந்த விதம் விசேஷமானது. 2003-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் யாத்திரை ஒன்றில், ஜே ஆல்பர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பார்க்கின்சன் கண்ட பெண்மணி ஒருவருடன், இருவர் சேர்ந்து மிதிக்கும் வண்டியில் சென்றார். சில நாட்களில் அப்பெண்மணியின் கையெழுத்துத் தெளிவடைந்திருப்பதைக் கண்டு, கால் மிதித்ததற்குக் கை திருந்துவானேன் என்று யோசிக்கத் தொடங்கினார். 2009-இல் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட எட்டு வார ஆய்வில், பயிற்சியாளரின் மிதியால் உந்தப்பட்டுத் தம் இயல்பான வேகத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் விரைவாக மிதித்தவர்களுக்கு அசைவுக் குறைபாட்டு மதிப்பெண்ணில் 35 சதவீதம் நன்மை தெரிந்தது. தம் விருப்பப்படி மிதித்தவர்களுக்கு மூச்சு பலம் கூடியதே ஒழிய அந்நன்மை தெரியவில்லை. ஆனால் இரு பிரிவிலும் சேர்த்து இருந்தவர்கள் பத்தே பேர். மறு ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து வைத்தியர் பாஸ் புளூம், நாலடி நடப்பதற்குள் கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் உறைந்து நின்றுவிடும் 58 வயது மனிதர் ஒருவர், சைக்கிளில் ஏறியவுடன் தடையின்றி ஓட்டிச் சென்றதை உலகுக்குக் காட்டினார். நடையில் ஒவ்வோர் அடியையும் மூளை புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டியிருக்க, மிதியின் சுழற்சியிலோ ஒரு காலின் இறக்கமே மறுகாலின் ஏற்றமாகிவிடுவதால், உள்ளே அறுந்த தாளத்தை வெளியிலிருந்து வண்டி எடுத்துக் கொடுக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து.

இந்த மிதியோடு மாயச் சாலையைச் சேர்த்துத் தக்க முறையில் பரீட்சித்தவர்களும் நைமேகன் நகரத்தாரே. 2019-இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியான அவர்களுடைய ஆய்வில் 130 பேர் பங்குகொண்டார்கள். ஒரு பிரிவினர் தத்தம் வீட்டிலேயே, திரையில் ஓடும் காட்சிகளோடும் விளையாட்டுகளோடும், வாரத்துக்கு மூன்று முறை, அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆறு மாதம் மிதித்தனர். மற்றவர்கள் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தனர். முடிவில், மருந்தின் வேகம் தணிந்திருந்த நேரத்தில் அளந்தபோது, மிதித்தவர்களின் அசைவு மற்றவர்களைக் காட்டிலும் 4.2 புள்ளி மேலாக இருந்தது. இது பெரிய எண் அன்று. எனினும் ஆண்டுக்காண்டு இறங்கிச் செல்லும் வியாதியில் இதை அற்பமென்று தள்ளவும் இயலாது.

எனக்கு இந்த எண்ணைவிடப் பெரிதாகப் படுவது, நோயாளிகள் ஆறு மாதம் தம் வீட்டிலேயே மிதித்தார்கள் என்பதுதான். டோபமைன் குறையும்போது அசைவு மட்டும் குறைவதில்லை. ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்ற விருப்பமே பலருக்கு வற்றிவிடுகிறது. சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்வது பலசமயம் வியாதியின் ஒரு கூறே என்பதை அறியாமல் எத்தனை குடும்பங்களில் மனஸ்தாபம் வளர்கிறது! அத்தகையவருக்கு, அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்ற ஆவலையும், நேற்றைய தூரத்தை இன்று கடந்தோம் என்ற சிறு திருப்தியையும் தரும் மாயச் சாலை வெறும் அலங்காரமாகாது. உள்ளே ஊறாத உற்சாகத்தை வெளியிலிருந்து ஊட்டுவதாகும். இதை விளையாட்டுப் பொருள் என்று இகழ்பவர்கள் இந்த வியாதியின் தன்மையை அறியாதவர்கள்.

குறைகளும் இலேசானவை அல்ல. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் வியாதியின் இளநிலையில் இருந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகவும் அது நிறுவவில்லை. மேலும் அவர்கள் பார்த்தது எதிரே வைத்த திரை. கண்ணை முழுவதும் மூடும் கருவி வேறு காரியம். பார்க்கின்சன் முற்றியவர்களுள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றும் பிரமை உண்டு. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றுவது பலருக்கு உண்டு. கண் ஓடுவதும் உடல் நிற்பதும் முரண்படும்போது ஆரோக்கியமானவர்க்கே குமட்டல் வருகிறது. இவர்களுக்குக் கண்ணை மூடும் கருவியை மாட்டி, பக்கத்தில் ஆளின்றி விடுவதை நான் துணிந்து எதிர்ப்பேன்.

இன்னொன்று: டச்சுக்காரர்களுக்குச் சைக்கிள் பிறந்த வீட்டுச் சொத்து. நம் பக்கத்தில் இன்று அறுபதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் சைக்கிள் பழகியவர்கள்? புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றது ஒரு பெரும் செய்தியாகப் பேசப்பட்டதே, அது எவ்வளவு அரிதாயிருந்தது என்பதற்குச் சாட்சி. நிற்கும் சைக்கிளில் சமநிலை தேவையில்லையாதலால் பழகாதவரும் மிதிக்கலாம்; என்றாலும், உடல் மறவாத பழைய பழக்கம் என்ற அந்த உபகாரம் அவர்களுக்கு இராது.

தையல் மெஷினைக் காலால் மிதித்தவர்களுக்கு வேறு மிதி எதற்கு என்று கேட்கக்கூடும். பவர் மெஷினில் கால்விரல் அழுத்தினால் போதும். நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருப்பது களைப்பைத் தருமே தவிர, நாடியை உயர்த்திச் சிறிது நேரம் அங்கேயே நிறுத்தும் பயிற்சியாகாது. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குமேல் ஒற்றை அறை வாடகை வீட்டுக்குத் திரும்புபவருக்குச் சைக்கிளை நிறுத்த இடமும் இல்லை, மிதிக்கத் தெம்பும் இல்லை. ஆகவே வீட்டுக்கு வீடு கருவி என்ற டச்சு ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்குவது பிரயோசனப்படாது.

பிரயோசனப்படக்கூடியது வேறு. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் பார்க்கின்சனும் உண்டு. இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்து சந்தா நிபந்தனையை நிறைவேற்றிய தொழிலாளிக்கு ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை கிடைக்க வழியுண்டு. கார்டே இல்லாமல் காண்டிராக்டில் தைப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருப்பது தனித் துயரம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்முறைப் பயிற்சியாளரும் இருக்கிறார். இவ்விரண்டையும் ஆதாரமாகக் கொண்டு, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ கம்பெனிகள் கூடி அமைக்கும் பொது இடத்திலோ சில நிற்கும் சைக்கிள்களும், நாடி காட்டும் கருவியும், மிதியின் வேகத்தை எண்ணி உற்சாகமூட்டும் பயிற்சியாளர் ஒருவரும், விரும்புவோர்க்கு அவிநாசிச் சாலையையோ காங்கயத்துக் காட்டுவழியையோ காட்டும் சாதாரணத் திரையும் இருந்தால், நைமேகனில் கண்ட நன்மையின் பெரும்பகுதி இங்கும் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், கழிவுநீர் சிறிதும் வெளியேறாதபடி சுத்திகரிக்கப் பெருந்தொகை திரட்டிக் காட்டிய தொழில் இது. நாலைந்து சைக்கிள்களின் விலை அதற்குச் சுமையாகாது. சுமையாவது நேரம்: வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி, பீஸ் கூலி குறையாமல் அந்தத் தையற்காரர் மெஷினை விட்டு எழுந்து செல்ல அனுமதிக்கப்படவேண்டும், அதற்கு முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஒருமித்து ஊதிய ஒப்பந்தத்திலேயே இடம் வைக்கவேண்டும்.