கட்புலனும் அறிவும்: மாக்ஸ் கறாடோஸ் கதைகள்

ஆங்கிலத் துப்பறியும் கதை என்றவுடன் நம்மவர் நினைவில் முதற்கண் தோன்றுபவர் சேர்லொக் ஹோம்ஸே. உருப்பெருக்கிக் கண்ணாடியும் கூரிய நோக்கும் அவருக்குரிய கருவிகள். பிறர் காணாதவற்றைக் காண்பவரே துப்பறிவாளர் என்னும் கொள்கை அவரால் நிலைபெற்றது. அக்கொள்கையைத் தலைகீழாக்கிப் பார்த்தவர் ஏணஸ்ற் பிறாமா (1868–1942) என்னும் ஆங்கில எழுத்தாளர். அவர் படைத்த மாக்ஸ் கறாடோஸ் இரு கண்ணும் இழந்தவர். 1914, 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று சிறுகதைத் தொகுதிகளும், 1934இல் வந்த நாவலொன்றும் அவர்தம் செயல்களைக் கூறுவன. ஹோம்சை நன்கறிந்த வாசகருள்ளும் இவரை அறிந்தார் சிலரே.

கறாடோஸ் துப்பறிதலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். இலண்டனை அடுத்த றிச்மண்டில் வாழும் செல்வர். பழைய நாணயங்களைத் திரட்டுவதில் ஈடுபாடுடையவர். முதற்கதையில், தனியார் துப்பறியும் நிலையம் நடத்தும் கார்லைல் என்பார் பண்டைச் சிசிலி நாட்டு வெள்ளி நாணயம் ஒன்றைக் கொணர்கின்றார். கண்ணுடையவருக்கு ஐயம்; விரலால் தடவிய கறாடோசுக்கோ அது போலியென்பது தெளிவு. இது வெறுங் கற்பனையென்று தள்ளத்தக்கதன்று. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராய் விளங்கிய நிக்கலஸ் சோண்டர்சன் (1682–1739) குழவிப் பருவத்திலேயே அம்மைநோயாற் பார்வையிழந்தவர். பழைய நாணயங்களுள் போலியைத் தொட்டறியும் ஆற்றல் அவருக்கிருந்ததெனக் கூறுவர்.

எனினும், தொட்டறியும் திறனன்று இக்கதைகளின் உயிர். புகையிரத விபத்தொன்றைப் பற்றிய கதை அதனை நன்கு விளக்கும். பச்சை விளக்கைக் கண்டே வண்டியைச் செலுத்தியதாகச் சாரதி உறுதி கூறுகின்றான். சிவப்பு விளக்கை மாற்றவேயில்லை எனச் சமிக்ஞைக் காவலன் உறுதி கூறுகின்றான். இருவருள் ஒருவன் பொய்யன் என்றே உலகம் கருதும். கறாடோசோ இருவரும் உண்மையே உரைத்தனர் எனக் கொண்டு, வேறோரிடத்தில் வஞ்சகமாக வைக்கப்பட்ட விளக்கொன்று சாரதியின் கண்ணை ஏமாற்றியதென்பதைக் கண்டுபிடிக்கின்றார். கண் காட்டிய பிழையைக் கண்ணை நம்பாத அறிவு திருத்துகின்றது. ஆசிரியர் சொல்ல விரும்பிய பொருள் இதுவேயாகும்.

கறாடோசின் பணியாள் பார்க்கின்சன் பாத்திரமும் இக்கருத்துக்குத் துணையாவது. வந்தவர் அணிந்த உடையையும் தோற்றத்தையும் ஒன்றும் விடாது அவன் எடுத்துரைப்பான். ஆயின் அவற்றின் பொருளை அறியான். ஹோம்சிடம் ஒருங்கமைந்திருந்த காட்சியும் ஆய்வும் ஈண்டு இருவரிடம் பிரிந்து நிற்கின்றன. காண்பதும் அறிவதும் ஒன்றல்ல என்பதை வாதத்தால் நிறுவாது பாத்திர அமைப்பால் நிறுவியமை பாராட்டத்தக்கது.

குறையும் உண்டு. செய்தித்தாளின் தலைப்புகளை மை படிந்த இடத்தைத் தடவியே கறாடோஸ் வாசிக்கின்றார் என ஆசிரியர் கூறுமிடத்து நம்பகத்தன்மை தளர்கின்றது. அவர்தம் பெருஞ் செல்வமும் பல இடர்களை எளிதாக்கிவிடுகின்றது. வறிய ஒருவர் பார்வையிழந்தால் அவருக்குப் பார்க்கின்சன் கிட்டுவானோ என்னும் வினாவை இக்கதைகள் எழுப்புவதில்லை. விழிப்புலனற்றோரை இரங்கத்தக்கோராக மட்டும் காட்டுதல் ஒரு பிழையெனின், அற்புதம் செய்வோராகக் காட்டுதலும் பிழையே. இரண்டிலும் அவர்தம் இயல்பான மனிதத்தன்மை மறைந்துபோகின்றது.

ஆயினும், கறாடோஸ் தம் நிலைக்காக வருந்துவதுமில்லை. பிறர் இரக்கத்தை வேண்டுவதுமில்லை. நகைச்சுவையுடன் உரையாடுகின்றார், தவறுகளைப் பொறுத்துக்கொள்கின்றார். முதற்றொகுதியின் இறுதிக் கதையில், பகைவர் சூழ்ந்த அறையில் விளக்கை அணையச் செய்து, இருளில் அவர்களைத் தமக்கு நிகராக்காது தம்மினும் தாழ்ந்தவராக்குகின்றார். ஊனம் என நாம் வழங்குவது மனிதனிடத்து மட்டுமன்றி, அவன் வாழ நேர்ந்த சூழலிடத்தும் தங்கியுள்ளது என்னும் உண்மை அவ்விருளில் வெளிப்படுகின்றது. பொழுதுபோக்காக எழுந்த கதைகள் இத்துணை ஆழ்ந்த வினாவை எழுப்புதல் அரிது. மிகைகளை நீக்கிப் படிப்போர்க்கு இவை பயனளிப்பனவேயாம்.