காணாமல் எழுதும் கடிதம்

விற்பனை மெயிலை யாரும் இலக்கிய வகையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் தலைமுறை படிக்காமலே அதிகம் அழித்த உரைநடை அதுதான். அதற்கும் இலக்கணம் இருக்கிறது, மரபு இருக்கிறது, நல்லதும் போலியும் இருக்கின்றன. அதனால் அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் அது தயாராகும் இடம். ப்ராஸ்பெக்டிங் டூல் என்பது அடிப்படையில் ஒரு பெரிய விலாசப் புத்தகம். அப்பல்லோ, ஜூம்இன்ஃபோ என்று பல இருக்கின்றன. பதவி, ஊர், கம்பெனியின் அளவு என்று வடிகட்டினால் ஆட்களின் பட்டியல் வந்து விழும். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று சீக்வென்ஸ்: நூறு பேரை மொத்தமாக ஏற்றிவிட்டால் முதல் மெயிலும் அடுத்தடுத்த நினைவூட்டல்களும் தானாகப் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று ஒன்-ஆஃப்: ஒரே ஒருவரின் பக்கத்தைத் திறந்து, அவருக்கென்றே எழுதி அனுப்புவது. பெர்சனலைஸ்டு என்ற பட்டத்துக்கு முழு உரிமை கோருவது இந்த இரண்டாவதுதான். என் பேச்சும் அதைப் பற்றித்தான்.

ஒரு மாதிரியை நாமே செய்துகொள்வோம். கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் மிளகு போடும் ஒருவர் இடைத்தரகர் இல்லாமல் விற்கப் பார்க்கிறார். அவருக்குச் சரக்குக் கணக்கு பார்க்கும் செயலி விற்கும் ஒருவர் எழுதுகிறார்:

"வணக்கம் சார், கொல்லிமலை மிளகு பற்றிய உங்கள் பதிவைப் பார்த்தேன், அருமை! மலையில் விவசாயம் எவ்வளவு சவாலானது என்று எனக்குத் தெரியும். எங்கள் செயலி உங்களைப் போன்றவர்களின் வேலையை எளிதாக்குகிறது. வியாழக்கிழமை ஒரு 15 நிமிடம் பேசலாமா?"

மிளகைக் காப்பி ஆக்குங்கள், கொல்லிமலையை ஏற்காடு ஆக்குங்கள். மெயிலில் வேறெதுவும் மாற வேண்டியதில்லை. 'உங்களைப் போன்றவர்கள்' என்ற இடத்தில் குட்டு உடைகிறது. மரியாதைக்காகப் போட்ட 'நீங்கள்' நிஜமாகவே பன்மைதான். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த மெயிலில் தப்பாகிவிடக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியையும், 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போகும் லோடையும் மனசில் பார்த்த ஒருவர், "திடீர் மழை வந்தால் காயப்போட்ட மிளகை எங்கே எடுத்து வைக்கிறீர்கள்?" என்று கேட்டிருப்பார். அசட்டுக் கேள்வியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இதே கொல்லிமலையின் தலைவனிடம் பரிசில் கேட்டுப் போனவர்களின் பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுக்குள் ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறார். அவன் விட்ட ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரைக்கும் துளைத்துப் போகிறது. ஆளைப் பார்த்தால் கறி விற்கிறவன் மாதிரித் தெரியவில்லை, மார்பில் ஆரம் கிடக்கிறது. இவன் ஓரியா, இல்லையா? சந்தேகத்தோடுதான் பாட ஆரம்பிக்கிறார். பாடி முடித்து 'கோ' என்று அழைத்ததும், அது தன் பெயர் என்பதால் அவன் வெட்கப்படுகிறான். புலவர் கேட்க வந்ததைச் சொல்லக்கூட விடாமல் இறைச்சியும் கள்ளும் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான்.

"ஆகா, அந்தக் காலம்!" என்று உருகுவதற்காக இதைச் சொல்லவில்லை. வன்பரணரிடமும் டெம்ப்ளேட் இருந்தது. இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடியதாக அவரே சொல்கிறார். பரிசில்தான் அவருக்கும் பிழைப்பு. வேறுபாடு வரிசையில் இருக்கிறது. அவர் முதலில் பார்த்தார், பிறகு சந்தேகப்பட்டார், அதற்கப்புறம்தான் டெம்ப்ளேட்டை எடுத்தார். நம் மெயிலில் டெம்ப்ளேட் முதலில் வருகிறது, பார்வை ஒரு காலி இடமாகக் கடைசியில் நிரப்பப்படுகிறது.

அடுத்தது ஃபாலோ-அப். "மூன்று முறை எழுதிவிட்டேன், உங்களுக்கு ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று செல்லமாகக் குத்தும் அந்த நாலாவது மெயில். கேட்காமல் எழுதியவர் நம்மைக் கடன்காரர் ஆக்கிவிடுகிறார். 204ஆம் பாட்டில் கழைதின் யானையார் அதே ஓரியிடம் நேர்மாறாகப் பேசுகிறார். கேட்பது இழிவு, இல்லையென்பது அதைவிட இழிவு என்று கறாராகத் தொடங்கி, கிடைக்காமல் போனால் சகுனத்தையும் நேரத்தையும்தான் நொந்துகொள்வார்கள், உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று முடிக்கிறார். மறுப்பதற்கான இடத்தை எதிராளிக்கு விட்டுவைக்கும் மரியாதை அது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கொல்லிக்கு வடக்கே தகடூரில் நடந்தது. அதியமான், பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார் (புறம் 208). காணாமல் தருவதை வாங்கிப்போக நான் வாணிகப் பரிசிலன் இல்லை, என் தகுதியை அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்கிறார். பெர்சனலைசேஷன் பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் படித்ததில்லை. பொருள் குறை என்பது அவர் புகார் இல்லை. பார்க்கவில்லை என்பதுதான் புகார்.

இதெல்லாம் இப்போது ஏன்? 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்குமேல் அனுப்பினால் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. கூட்டமாகப் போனால் பிடிபடும் என்றபோது, ஒருவர் ஒருவருக்கு எழுதியது போன்ற தோற்றத்துக்கு விலை ஏறுகிறது. அந்தத் தோற்றத்தைச் சில நொடியில் செய்துதர ஏஐ இருக்கிறது. நம் பதிவைப் படித்து, அதில் ஒரு விவரத்தைக் கொத்தி எடுத்து முதல் வரியில் வைத்துவிடும். முன்பெல்லாம் அப்படி ஒரு விவரம் இருந்தால் யாரோ நமக்காகப் பத்து நிமிடம் செலவழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சாட்சி இப்போது செல்லாது.

அனுப்பும் பையனைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாளைக்கு இத்தனை மெயில் என்று டார்கெட் வைத்துக்கொண்டு "ஒவ்வொன்றையும் மனசிலிருந்து எழுது" என்று சொல்லும் ஏற்பாட்டில் அவனும் மாட்டிக்கொண்டவன்தான். ஆனால் நஷ்டம் கம்பெனிக்கு வெளியிலும் விழுகிறது. எடப்புளி நாட்டுக்காரர் ஒருநாள் தானே சென்னையில் ஒரு கடைக்கு எழுதலாம்: "உங்க கடையில மிளகு வாங்கிப் பார்த்தேன், எங்க மலை மிளகையும் ஒருக்கா பாருங்க." நிஜமாகவே ஒருவர் ஒருவருக்கு எழுதிய கடிதம் அது. போலி 'உங்களுக்காக'வைத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல் இதையும் தள்ளிவிடும்.

ஆகவே ஒன்-ஆஃப் மெயில் எழுதும் நண்பர்களுக்கு, விமர்சகனாக ஒரே ஒரு அளவுகோல்தான் சொல்ல முடியும். வாங்குகிறவர் மட்டுமே "இல்லைங்க, இங்கே அப்படி இல்லை" என்று திருத்தக்கூடிய ஒரு வாக்கியமாவது உங்கள் மெயிலில் இருக்கிறதா? இருந்தால் டூலிலிருந்தே அனுப்புங்கள், குற்றமில்லை. இல்லையென்றால் சீக்வென்ஸிலேயே போட்டுவிடுங்கள். அதிலாவது இது கூட்டத்துக்கு எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியும்.