மட் மக்ஸ்: வசைக்கும் வசூலுக்கும் நடுவே

கலைப்படைப்பை அது ஈட்டிய பணத்தால் அளப்போர் ஒரு சாரார். அது எழுப்பும் அருவருப்பால் அளப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிடையே சிக்குண்ட படைப்புக்கு, 1979ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் வெளிவந்த 'மட் மக்ஸ்' என்னும் திரைப்படம் தக்க உதாரணமாகும்.

சட்டமும் ஒழுங்கும் குலைந்துவரும் வருங்காலச் சமுதாயமொன்றில், மோட்டார்ச் சைக்கிள் கும்பலிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த பொலிஸ்காரன் பழிவாங்கும் கதை இது. மருத்துவராயிருந்த ஜோர்ஜ் மில்லரும் தயாரிப்பாளர் பைரன் கெனடியும், தனியாரிடம் திரட்டிய ஏறத்தாழ நான்கு இலட்சம் டொலரில் இதனை எடுத்து முடித்தனர்.

விமர்சகர் பிலிப் அடம்ஸ் 'புலட்டின்' ஏட்டில் இப்படத்தை மிகக் கடுமையாகச் சாடினார். அவர் கலைப்பகைவரல்லர், அவுஸ்திரேலியத் திரைத்துறையின் மறுமலர்ச்சிக்கு உழைத்தவர். நியூசிலாந்தில் 1983 வரையும் சுவீடனில் 2005 வரையும் தடை நிலவியது. ஆயினும் உலகெங்கும் படம் ஈட்டிய தொகை பத்துக் கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. செலவுக்கும் வரவுக்குமுள்ள விகிதத்தில் அது பெற்ற கின்னஸ் சாதனையை, 1999இல் வந்த 'பிளேயர் விச் புரொஜெக்ட்' என்ற படமே முறியடித்தது.

1980இல் அமெரிக்காவிற் படத்தை வெளியிட்டோர், அவுஸ்திரேலிய நடிகரின் குரல்களை நீக்கி அமெரிக்கக் குரல்களைப் பொருத்தினர். வன்செயலை விற்க அஞ்சாத வணிகர், ஒரு மண்ணின் பேச்சுக்கு அஞ்சினர்! அவ்வாறு செய்தும் அங்கு படம் பெருவெற்றி பெறவில்லை.

திரைக்கதையை மில்லருடன் எழுதிய ஜேம்ஸ் மக்கோஸ்லன்ட், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் பெற்றோலுக்காக மக்கள் மூர்க்கங்கொண்டதே தமது கற்பனைக்கு அடிப்படையெனப் பின்னர் எழுதினார். படத்தின் வேர் சமுதாய யதார்த்தத்திலேயே உள்ளது. ஆனால், வாழ்வுக்கு வேண்டிய வளம் எவர் கையில் என்ற வினாவை எழுப்பாது, படம் தனிமனித வஞ்சினத்தில் தஞ்சம் புகுகிறது. அதன் மெய்யான குறை இதுவேயென நாம் கருதுகிறோம். இரத்தத்தைக் கண்டு வெகுண்டோரும் வசூலைக் கண்டு மகிழ்ந்தோரும் இதனை விவாதப் பொருளாக்கவில்லை.

இதே வரிசையில் 2015இல் மில்லர் எடுத்த நான்காவது படத்தில், நீரைத் தன்வசப்படுத்திய கொடுங்கோலனுக்கெதிராகப் பெண்கள் கிளர்ந்தெழுகின்றனர். அப்படம் விமர்சகரின் பாராட்டையும் ஆறு ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. முதற்படம் விழுங்கிய வினாவைக் கலைஞரே பின்னர் எழுப்பினார். விமர்சகர் அதனை முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியிருக்க வேண்டும். படைப்பைத் தடைசெய்வதும் வசூலை எண்ணுவதும் விமர்சனமாகா. அது சொல்லாது விட்டதைச் சொல்வித்தலே விமர்சகர் கடன்.